அறுபதை நகர்த்தியவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிற எவனும் சாந்தமாக இருக்க முடியாது. நிட்டிங்கில் துணி தங்கிவிட்டால் என்னைத் திட்டுவார்கள். சாயப்பட்டறையில் கலர் மாறினால் என்னைத் திட்டுவார்கள். வெளிநாட்டுக்காரனுக்குப் பட்டன் பிடிக்கவில்லை என்றாலும் பேச்சு வாங்குவது நான்தான். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அவிநாசிக்கும் மங்கலத்துக்கும் பல்லடத்துக்கும் பொழுதுக்கும் வண்டியில் அலைகிறவன் மெதுவாகப் போனால் வேலைக்கு ஆகுமா? நான் மெதுவாகப் போனதே இல்லை. ஒரு தடவை லாரிக்கடியில் போக வேண்டியவன், தோள்பட்டை எலும்போடு தப்பித்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் மனைவி மோகனப்ரியா என் கையைப் பிடித்து எங்கள் மகளின் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் முள் அறுபதைத் தாண்டக் கூடாது.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஒரு நாள்கூட முள் அறுபதைத் தாண்டவில்லை. அவள்தான் அறுபதையே நகர்த்திவிட்டாள்.

முள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது ஏது முள்? திரையில் வரைந்த ஒரு சிவப்புக் கோடுதான். வண்டிகளெல்லாம் பேட்டரிக்கு மாறியதும் சத்தமும் போய்விட்டது. எங்கள் அப்பா காலத்தில் இன்ஜின் கதறுவதை வைத்தே எத்தனையில் போகிறோம் என்று காது சொல்லிவிடுமாம். இப்போது கோடு என்ன சொல்கிறதோ அதுதான் வேகம். வண்டி நகர்ந்தால் போன் திரை தானாக அணைந்துவிடும், அதில் பார்க்கவும் வழியில்லை.

டயர் மாற்றினாலோ காற்று குறைந்தாலோ கோடு முன்னே பின்னே காட்டும். அதனால் எல்லா இரு சக்கர வண்டிகளிலும் சரிபெட்டி கட்டாயம் என்று சட்டம் வந்தது. சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் இருக்கும். சக்கரம் சுற்றுவதை எண்ணி, செயற்கைக்கோள் சொல்கிற கணக்கோடு ஒப்பிட்டு, வேகத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் திருத்திக் காட்டும், மெட்ராசில் இருக்கிற தலைமை ஆபீசுக்கும் அனுப்பும். வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரைக் கடையில் விட்டு சீல் வாங்க வேண்டும். சீல் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது.

மோகனா அப்படி ஒரு முத்திரைக் கடையில்தான் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊரில் முத்திரைக் கடைகளில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். சீல் போட்டு வெளியே வரும் வண்டிகளில் சிலவற்றின் ஹேண்டில்பாரில் ஒரு முழம் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் சுற்றியிருக்கும். ஏதோ சாமிக்கு வைத்தது என்று நாங்கள் கண்டுகொள்ளவில்லை. என் வண்டிக்கும் பூ உண்டு. சம்சாரம் கடையில் இருப்பதால் எனக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. என் வண்டி ஒரு சார்ஜுக்கு மற்றவர்கள் வண்டியைவிட அதிகமாக ஓடியது. ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் ஓடும் என்று டீக்கடையில் பாடம் எடுத்தேன். பல்லடம் போய்ச் சேருகிற தூரம், ரோட்டோரக் கல் ஒன்று சொல்ல என் மீட்டர் அதைவிடக் கூட்டிச் சொன்னது. கல் நடுகிற காண்ட்ராக்டர் அதிலும் கைவைத்துவிட்டான் என்று அவனையும் ஏசினேன். எங்கே போனாலும் லேட்டானது. ஊரில் டிராபிக் பெருத்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அதே சமயம் விபத்து பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்று கலெக்டருக்கு விருது கொடுத்தார்கள். ஊர் முழுக்க பிளெக்ஸ் வைத்தார்கள். அந்தப் பிளெக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அதில் என் பங்கும் இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருக்கும். நான் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடி மாதத்தில் என் சகலை சிவநேசன் மதுரையிலிருந்து புது வண்டியில் வந்திருந்தார். மறுநாள் காலையில் பல்லடத்துக்கு அவசரமாக ஒரு சாம்பிள் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் வண்டியில் சார்ஜ் இல்லை. மகள் சொருக மறந்துவிட்டாள்.

"என்னோடதை எடுத்துட்டுப் போங்க சகலை, சும்மாதான நிக்கிது" என்றார் சிவநேசன்.

மோகனா குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமலே கிளம்பினேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில் இருக்கிறது. ஷிப்டு விடுகிற நேரம். எனக்கு அந்த இடம் தினமும் பழக்கம். கோடு அறுபதில் நின்றது. காற்று கொஞ்சம் பலமாக அடிப்பது போலிருந்தது, ஆடிக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு அம்மா பையோடு ரோட்டைத் தாண்ட இறங்கினார். வழக்கமாக நான் பிரேக் பிடிக்கிற கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் பிடித்தேன். வழக்கமாக வண்டி நிற்கிற இடத்தில் வண்டி நிற்கவில்லை.

அவர் பெயர் சாந்தாமணி. அந்த மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு.

சரிபெட்டி சாட்சி சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் விபத்து நடந்தால் முதல் தீர்ப்பை எழுதுவது அதுதான். வண்டி போனது அறுபது, அந்த ரோட்டில் அனுமதி அறுபது, ஓட்டியவர் பிரேக் பிடித்திருக்கிறார், தாண்டியவர் ரோட்டில் வெள்ளைக்கோடு போடாத இடத்தில் தாண்டியிருக்கிறார். தவறு சாந்தாமணி மேல்.

அந்த ஒரு வரியில்தான் அவருடைய கால் இருந்தது. சொந்த செல்லை வளர்த்து எலும்பை அச்செடுத்து வைக்கிற ஆபரேஷன் ஒன்று வந்திருக்கிறது. அது செய்தால் கால் பிழைக்கும். ஆனால் தவறு யார் மேலோ அவருக்கு அரசாங்கக் காப்பீடு கிடையாது. ஒரு வாரத்துக்குள் தீர்ப்பு மாறாவிட்டால் காலை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மகன் தினகர் என்னிடம் வந்தான். சாயப்பட்டறை வேலைக்காரன், விரலெல்லாம் நீலம். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கம்மா அங்க பத்து வருசமாத் தாண்டறாங்கண்ணா. ஒரு நாள் கணக்குத் தப்பினதில்ல. நீங்க அறுபதுலதான் வந்தீங்களா?"

"அறுபதுதான் தம்பி. சத்தியமா."

அவன் திரும்பி அம்மா இருந்த வார்டுக்குள் போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் கத்த ஆரம்பித்தேன். அது அறுபது கிடையாது, எனக்குத் தெரியாதா அறுபது எப்படி இருக்கும் என்று? வண்டி அம்பு மாதிரி வந்தது. சகலையின் வண்டி மீட்டர் பொய். மதுரையில் எவனோ ஒழுங்காகப் பார்க்காமல் சீல் போட்டிருக்கிறான். நாளைக்கே புகார் கொடுத்து அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். அது பொய் என்று தெரிந்தால் தீர்ப்பு மாறும், அந்தம்மா கால் பிழைக்கும். சிவநேசன் பாவம், முகம் செத்துப்போய் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மோகனா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"புகார் குடுக்காதீங்க மாமா. அவரு வண்டி சரியாத்தான் காட்டுது."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீங்க பொய் சொல்லல. உங்க வண்டிதான் பொய் சொல்லுது. நான்தான் சொல்ல வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொன்னாள். "உங்க வண்டில அறுபதுன்னு காட்டறப்ப நீங்க போறது நாப்பத்தஞ்சு."

"என்னது?"

"ஒரேடியா மாத்துனாத் தெரிஞ்சிரும். கடைல இருந்தே வாரத்துக்குத் துளித்துளியா ஏத்தினேன். ஒரு வருசம் ஆச்சு. ஒடம்பு அதையே அறுபதுன்னு பழகிக்கும். வேகம் முக்காவாசி ஆச்சுன்னா, பிரேக் போட்டாக் கிட்டத்தட்டப் பாதி தூரத்துல நின்னுரும். அதுக்காகத்தான்."

"பெட்டிக்கு சீல் இருக்குதல்ல? மெட்ராசுல கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"மெட்ராசுக்குப் போறது நெச வேகம். அதைத் தொட மாட்டோம். உங்களுக்குக் காட்டறத மட்டும் மாத்துவோம்."

மாத்துவோம் என்றாள். அந்தப் பன்மை என் காதில் விழ ஒரு நிமிஷம் ஆனது.

"எத்தனை வண்டிக்கு?"

"எண்ணலை. பொண்டாட்டிக வருவாங்க, அம்மாக்க வருவாங்க. வண்டிக்குப் பூ வெச்சு விடுங்கன்னு சொல்லுவாங்க. பூ வெச்ச வண்டி எல்லாம் அதுதான். எங்க கடை மட்டுமில்ல, எல்லாக் கடைலயும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷமாக நான் பொறுப்பான மனுஷன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் பொறுப்பு பூராவும் சீட்டுக்கு அடியில் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்திருக்கிறது. குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல இவள் எனக்குச் செய்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வேலை செய்யுமா? கோடு அறுபதுன்னா, மனசுக்குள்ள கழிச்சுக்கிட்டு எம்பது வரைக்கும் போயிருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா? நீங்க உசுரோட வீட்டுக்கு வரோணும். வேறெதையும் நான் யோசிக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேற வண்டி எடுப்பீங்கன்னு யோசிக்கல மாமா. அதை யாருமே யோசிக்கல."

"சரி, நடந்ததச் சொல்லிரலாம். உள்ளதை உள்ளபடி சொன்னா தீர்ப்பு மாறும். நீ ஜெயிலுக்குப் போனாலும் நான் வக்கீல் வெக்கிறேன்." அப்போது இருந்த ஆத்திரத்தில் அப்படித்தான் சொன்னேன்.

"நான் போறேன். அதுக்குப் பயப்படல." அவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஆனா அது வெளிய தெரிஞ்சா மெட்ராசுல இருந்தே எல்லாப் பெட்டியையும் ஒரே நாள்ல பழையபடி ஆக்கிருவாங்க. ஒரு பட்டன்தான்."

"நல்லதுதான?"

"அடுத்த நாள் காலைல ஊரே கிளம்பும். கோடு அறுபதுக்கு வரும். அது நெச அறுபது. உங்களுக்கு நடந்தது எத்தனை பேருக்கு நடக்கும்?"

"அறிவிப்புக் குடுத்துட்டு மாத்தச் சொல்லலாம்."

"நீங்க கேப்பீங்களா?"

கேட்க மாட்டேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பியிருப்பேன்.

"ஏத்தின மாதிரியே துளித்துளியா எறக்கோணும். கடைல இருந்தே செய்யலாம். ஆனா ஒரு வருசம் வேணும்" என்றாள்.

அந்தம்மாவின் காலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

தீர்ப்பின் மேல் ஆட்சேபணை போட்டுவிட்டு, விசாரணைக்கு மோகனாவோடு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பூ சுற்றிய வண்டிகள் பஸ்ஸை முந்த முடியாமல் முந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொருவன் முகத்திலும் பறக்கிறவன் களை. ஒரு பையன் குனிந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டு வந்தான், என்னவோ பந்தயத்துக்குப் போகிற மாதிரி. அவனை சைக்கிள்காரன் விரட்டினால்கூடப் பிடித்துவிடுவான். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்விட்டது. ஆபீஸ் வாசலில் இறங்கும்வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

விசாரணை அதிகாரி ஒரு பெண். என் ஆட்சேபணையைத் திரையில் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தீர்ப்பு உங்களுக்குச் சாதகமா இருக்கு. அப்பறம் எதுக்கு ஆட்சேபணை? மீட்டர்ல ஏதாவது சந்தேகமா?"

இல்லை என்று தலையாட்டினேன். மோகனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவுக் கண்ணாடி வழியாக அவளுடைய முதுகு தெரிந்தது. நான் சொல்லிவிடுவேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாற்றுப் புடவை எடுத்து வந்திருந்தாள்.

"கண்ணசந்துட்டனுங்க" என்றேன். "முந்தின நாளு சரியாத் தூக்கமில்ல. ஓட்டிட்டே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா அந்தம்மா முன்னால நிக்கிறாங்க. அதுக்கப்பறந்தான் பிரேக் போட்டேன்."

அவர் திரையை ஒதுக்கி வைத்தார். "இதைப் பெட்டி சொல்லாது. நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. லைசென்ஸ் போயிரும், கேஸ் வரும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

தீர்ப்பு அன்றைக்கே மாறியது. லைசென்ஸ் ஆயுசுக்கும் ரத்து. தூங்கிக்கொண்டே ஓட்டி ஒரு பெண்ணின் காலை முறித்தவன் என்று என் பெயர் பேப்பரில் வந்தது. கம்பெனியில் என்னை வெளி வேலையிலிருந்து எடுத்து உள்ளே துணி செக்கிங்கில் போட்டார்கள். என்னிடம் திட்டு வாங்கிய சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாம் போன் செய்து துக்கம் விசாரிப்பது போல விசாரித்துவிட்டு வைத்தார்கள். சொந்தக்காரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. மோகனாவும் நானும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை. அவளை மன்னித்தேனா என்று கேட்டால் சில நாள் ஆமாம், சில நாள் இல்லை.

சாந்தாமணியக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோலூன்றி நடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மோகனாவும் அவர் வீட்டுக்குப் போனோம். தினகர் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், காபி போட முடியாததற்கு வருத்தப்பட்டார். அப்புறம் என்னையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கோணும் தம்பி. எதுக்குப் பொய் சொன்னீங்க?"

நான் மோகனாவைப் பார்த்தேன்.

"நீங்க தூங்கல. நான் எறங்கறப்ப உங்க கண்ணு என்ற மேலதான் இருந்துச்சு. கம்பத்துக்கிட்ட நீங்க பிரேக் புடிச்சதையும் பாத்தேன். தெனமும் அங்கதான புடிப்பீங்க? உங்க வண்டிய எனக்குத் தெரியும், பூ சுத்தின வண்டி. அன்னைக்கு வேற வண்டி, ஆனா ஆளு நீங்கதான்னு தெரிஞ்சுது. அவ்வளவு தூரத்துல வண்டி வந்தாத் தாண்டிரலாம்னு என்ற காலுக்குத் தெரியும். எந்த வண்டியா இருந்தாலும் அந்தக் கணக்குத்தான். பாக்கக்கூட வேண்டீதில்ல." அவர் தன் காலைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு அது தப்பாப் போச்சு. என்ற மேல எரக்கப்பட்டுத்தான நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க? பையன் உங்களத் திட்டறப்பெல்லாம் எனக்கு நெஞ்ச அடைக்குது. தப்பு என்றதுதான்னு அவங்கிட்ட இன்னைக்குச் சொல்லிரலாம்னு இருக்கறேன்."

நாங்கள் நாற்பத்தைந்தில் ஊர்ந்து ஊர்ந்து, ரோட்டைத் தாண்டுகிறவர்களின் காலுக்கும் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதை நானும் நினைத்துப் பார்க்கவில்லை, மோகனாவும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வாயைத் திறக்காதே என்று அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"உங்க காலு சரியாத்தான் கணக்குப் போட்டுச்சுங்கக்கா" என்றாள். ஒன்று விடாமல் சொன்னாள். பெட்டி, பூ, துளித்துளியாக ஏற்றியது, என் சத்தியம், மெட்ராசில் இருக்கிற அந்தப் பட்டன் எல்லாம். தன் பெயரைச் சொல்லி யாரிடம் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், தடுக்க மாட்டேன் என்றாள். "இப்ப எல்லாக் கடையிலயும் பேசி எறக்கிட்டு இருக்கறோம். வாரத்துக்குத் துளித்துளியா. அடுத்த ஆடிக்குள்ள ஊர்ல எல்லா வண்டியும் சரியா காட்டும்."

சாந்தாமணியக்கா கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். எழுந்து எங்களை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அது நியாயம்தான்.

"தினகர் வண்டிக்கும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள். "அவரைக் கட்டிக்கப் போற புள்ள வந்து கேட்டுச்சுங்கக்கா. போன தை மாசத்துல."

அவர் வாசலைப் பார்த்தார். வண்டி போய் நெடுநேரம் ஆகியிருந்தது.

"அவனோடத மட்டும் எறக்காதீங்க அம்மணி" என்றார்.